எந்த மொழியில் அவர் அறிவாளி? குடியேறிய குடும்பங்களின் நாடகங்களை வாசிப்பது பற்றி

புதிய நாட்டில் குடியேறி அங்கே வேர்பிடிக்க முயலும் குடும்பங்களைப் பற்றிய மேடை நாடகங்களில் முக்கியமானவை எவை என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த நாடகங்கள் எல்லாமே பழைய ஊரை விடாத தந்தைக்கும் புதிய ஊரில் வளர்ந்த பிள்ளைக்கும் நடக்கும் சண்டையாகவே தெரிகின்றன என்றும், அதற்கு மேல் இவற்றில் பார்க்க என்ன இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நண்பர்கள் சிலர் கூடி வாசிப்பதற்கு எதை முதலில் எடுப்பது என்பது உங்கள் கடைசிக் கேள்வி. இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு விடை கிடைத்தால் மற்ற இரண்டும் எளிதாகிவிடும்.

தந்தை, பிள்ளை சண்டை அலுப்பூட்டுகிறது என்ற உங்கள் குறை நியாயமானது. ஆனால் அந்தச் சண்டை எந்த மொழியில் நடக்கிறது என்று கவனித்தால் நாடகம் முற்றிலும் வேறாகத் தெரியும். நாவலாசிரியருக்கு ஒரு வசதி உண்டு. "அவர் தமிழில் சொன்னார்" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். மேடையில் அது நடக்காது, ஏனெனில் நடிகர் வாயைத் திறந்தாக வேண்டும். டொராண்டோவில் கடை நடத்தும் கொரியத் தம்பதியர் தங்களுக்குள் கொரிய மொழியில் பேசினால் அரங்கில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குப் புரியாது. நல்ல ஆங்கிலத்தில் பேசினால் அவர்கள் கடல் கடந்து வந்தவர்கள் என்பதே மறைந்துவிடும். உடைந்த ஆங்கிலத்தில் பேசினாலோ, ஊரில் நாலு பேர் மதித்த இரண்டு பெரியவர்கள் தங்கள் சொந்தச் சமையலறையிலேயே மழலை பேசுபவர்களாகிவிடுவார்கள். இந்த வகை நாடகம் எழுதுகிற ஒவ்வொருவரும் இந்த முடிச்சை அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். அவிழ்க்கும் விதத்திலேயே அவர் தம் மனிதர்களை எப்படிப் பார்க்கிறார் என்பது தெரிந்துவிடும். ஆகவே நான் எந்த நாடகத்தை எடுத்தாலும் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இந்த மனிதர் எந்த மொழியில் அறிவாளி, எந்த மொழியில் அவரை நமக்குக் காட்டுகிறார்கள்?

வரலாற்றுக்காக ஒரு பழைய நாடகத்தைச் சொல்லியாக வேண்டும். லண்டனைச் சேர்ந்த யூத எழுத்தாளர் இஸ்ரேல் சாங்வில் எழுதிய 'தி மெல்ட்டிங் பாட்' 1908 அக்டோபரில் வாஷிங்டனில் அரங்கேறியபோது அமெரிக்க அதிபர் தியோடர் ரூசவெல்ட் அரங்கில் அமர்ந்து பார்த்தார். பல இனத்தாரும் ஒரே கொப்பரையில் உருகி ஒன்றாவது என்ற உருவகம் அமெரிக்காவில் எல்லார் வாயிலும் புழங்கும் சொல்லாகப் பரவியதற்கு இந்த நாடகமே காரணம். 1903இல் கிஷினேவ் நகரில் நடந்த யூதப் படுகொலையில் குடும்பத்தை இழந்து நியூயார்க்கில் உறவினருடன் வாழும் இளம் இசைக்கலைஞன் டேவிட் அதன் நாயகன். அவன் பேசும் நீண்ட பேச்சுகள் இன்று வாசிக்கையில் பொதுக்கூட்டச் சொற்பொழிவு போலக் கனக்கின்றன. ஆனால் அந்த வீட்டின் மூலையில் ஒரு பாட்டி இருக்கிறார். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசும் இத்திய மொழி (யிட்டிஷ்) மட்டுமே அவருக்குத் தெரியும். இறைச்சிக்கும் பால்பொருளுக்கும் தனித்தனித் தட்டு என்ற யூத வழக்கம் புரியாமல் தட்டுகளைக் கலந்துவிடுகிற ஐரிஷ் பணிப்பெண் கேத்லீன், இந்த வீட்டில் இனி வேலை செய்ய முடியாது என்று கோபத்துடன் கத்துகிறாள். அதே கேத்லீன் பின்னர் அந்தப் பாட்டியிடம் ஒட்டிக்கொண்டு, யூதர்களின் பூரிம் பண்டிகைக்கு வேடிக்கையான பொய்மூக்கு மாட்டிக்கொள்ளும் அளவுக்கு மாறிவிடுகிறாள். உருகிக் கலக்க வேண்டியவர்கள் வந்தேறிகள்தாம் என்று நாயகன் முழங்குகிறான். நாடகத்தின் சமையலறையிலோ மாறுகிறவள் முன்பே வந்து குடியேறிய இனத்தவள். ஆசிரியர் இதை முழுமையாக உணர்ந்து எழுதினாரா என்று எனக்கு ஐயம் உண்டு. ஆயினும் அந்நாடகத்தில் இன்றும் உயிரோடு இருப்பது அந்தச் சமையலறைதான்.

அதே காலத்தில் அதே நியூயார்க்கில், குடியேறியவர்கள் தங்களுக்காகவே தங்கள் மொழியில் நடத்திய நாடக அரங்கு ஒன்று செழித்திருந்தது. 1881 முதல் 1914 வரை ஏறத்தாழ 20 லட்சம் யூதர்கள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தார்கள். அவர்களுக்கான இத்திய அரங்கில் 1892இல், ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் கதையைத் தழுவி யாக்கோப் கோர்டின் எழுதிய 'யூத லியர் அரசன்' மேடையேறியது. கதை நடப்பது பழைய ஊரில்தான், அமெரிக்காவில் அல்ல. இருந்தும், பிள்ளைகளிடம் சொத்தைக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடக்கும் தந்தையாக யாக்கோப் ஆட்லர் நடித்தபோது, பார்வையாளர் ஒருவர் எழுந்து மேடையை நோக்கி நடந்து, "அந்தக் கல்நெஞ்சக்காரியை விட்டுவிட்டு என்னோடு வாருங்கள், என் மனைவி நன்றாகச் சமைப்பாள்" என்று அழைத்ததாக அரங்க வரலாற்றில் ஒரு கதை வழங்கி வருகிறது. பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள் நிறைந்த அரங்கில் அப்படி ஒருவர் எழுந்திருந்தால் அதில் வியப்பில்லை. குடியேறியவர்களின் வாழ்க்கையை நாடகமாக்க, அவர்களையே மேடையில் காட்ட வேண்டும் என்பதுகூட இல்லை. பார்க்கிறவர் யார், எந்த மொழியில் பார்க்கிறார் என்பதே பல நேரங்களில் போதுமானதாக இருந்திருக்கிறது.

ஆர்தர் மில்லரின் 'எ வியூ ஃப்ரம் தி பிரிட்ஜ்' நாடகத்தைப் பலர் தகாத ஆசையின் துயரக்கதையாகவே வாசிக்கிறார்கள். 1955இல் ஓரங்க நாடகமாக வந்து, 1956இல் லண்டனில் இரண்டு அங்கங்களாக விரிந்த அந்த நாடகம் புரூக்ளினின் ரெட் ஹுக் துறைமுகப் பகுதியில் நடக்கிறது. இத்தாலியர்கள் சட்டப்படி அமெரிக்காவில் குடியேறுவதை 1924ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 4,000 பேருக்கும் குறைவாகச் சுருக்கியது. பின்னர் அந்த எண்ணிக்கை சற்றே கூடினாலும் கதவு குறுகலாகவே இருந்தது. ஆகவே சிசிலியிலிருந்து மார்கோவும் ரொடால்போவும் கள்ளத்தனமாக வந்து, முன்பே அங்கே வேரூன்றிவிட்ட உறவினர் எட்டி கார்போனின் வீட்டுத் தரையில் படுத்துறங்குகிறார்கள். இளையவன் பாடுகிறான், சிரிக்கவைக்கிறான், ஆங்கிலத்தில் எளிதாகப் புழங்குகிறான். மூத்தவன் மார்கோவுக்கோ பேச்சு மிகக் குறைவு. முதல் அங்கத்தின் முடிவில், தம்பியை எட்டி அவமதித்த பிறகு, மார்கோ ஒரு நாற்காலியைக் காட்டி, அதன் ஒற்றைக் காலின் அடியைப் பிடித்துத் தூக்க முடியுமா என்று எட்டியிடம் கேட்கிறான். எட்டியால் முடியவில்லை. மார்கோ மண்டியிட்டு, அதே காலின் அடியைப் பிடித்து, மெல்ல மெல்ல உயர்த்தி, எட்டியின் தலைக்கு மேலே ஓர் ஆயுதம் போல நிறுத்துகிறான். ஆங்கிலம் வசப்படாத மனிதன் அந்த நாட்டில் பேசுகிற மிக நீளமான வாக்கியம் அதுதான் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இனி பிரிட்டனுக்கு வருவோம். அயூப் கான் தீன் எழுதிய 'ஈஸ்ட் இஸ் ஈஸ்ட்' 1996இல் பர்மிங்காமிலும் பின்னர் லண்டன் ராயல் கோர்ட் அரங்கிலும் மேடையேறியது. 1999இல் ஓம் பூரி நடித்து வெளிவந்த திரைப்படத்தைப் பார்த்தவர்கள் பலர் இருப்பீர்கள். 1970களின் தொடக்கத்தில் சால்ஃபோர்டு நகரில் மீன் வறுவல் கடை நடத்தும், பாகிஸ்தானிலிருந்து வந்த ஜார்ஜ் கான், அவருடைய ஆங்கிலேய மனைவி எல்லா, அவர்களின் பிள்ளைகள், இவர்களே நாடகம். தொப்பி வைத்த மேலங்கியைக் கழற்றவே மறுத்து அதற்குள்ளேயே ஒடுங்கிக்கொள்ளும் கடைக்குட்டி சஜித்தை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். பிள்ளைகளைக் கேட்காமல் திருமணம் நிச்சயிக்கும் தந்தை என்ற கோணத்தில் பார்த்தால், நீங்கள் குறைசொல்லும் அதே சண்டைதான் இதுவும். மொழியின் கோணத்தில் பாருங்கள். அந்த வீட்டில் ஜார்ஜின் தாய்மொழியில் சரளமாகப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. மனைவியும் பிள்ளைகளும் பேசுவது சால்ஃபோர்டு வட்டார ஆங்கிலம், அதில் கிண்டலுக்கும் குத்தலுக்கும் பஞ்சமே இல்லை. ஜார்ஜிடம் இருப்பது கட்டளையிட மட்டுமே போதுமான ஆங்கிலம். வாதம் செய்ய அவரிடம் சொல் இல்லை, ஆகவே கை ஓங்குகிறார். அவருடைய அடியை ஆசிரியர் எங்கும் நியாயப்படுத்தவில்லை. நானும் நியாயப்படுத்தவில்லை, ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பதை நாடகம் மறைக்காமல் காட்டுகிறது.

அதே நாடகத்தில் இன்னொரு சிறிய விஷயம் எனக்கு மிகப் பிடிக்கும். எல்லா தேநீர் வேண்டுமா என்று கேட்கும்போதெல்லாம் ஜார்ஜ் "அரைக் கோப்பை" என்றே சொல்வார். முழுக் கோப்பையும் அவர் கேட்பதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. அத்தனை சண்டைக்கும் அடிக்கும் நடுவே கணவனும் மனைவியும் இன்னும் பகிர்ந்துகொள்ளும் மொழியாக அந்த இரண்டு சொற்கள் நிற்கின்றன. தம் தாய்க்கு நினைவு மங்கத் தொடங்கிய காலத்தில் கான் தீன் இந்த நாடகத்தை எழுதத் தொடங்கினார் என்பதை அறிந்த பிறகு, எல்லாவின் ஒவ்வொரு சொல்லையும் அவர் ஏன் அவ்வளவு துல்லியமாகப் பிடித்துவைத்தார் என்பது விளங்குகிறது.

கனடாவிலிருந்து இன்ஸ் சோய் எழுதிய 'கிம்ஸ் கன்வீனியன்ஸ்' 2011இல் டொராண்டோவின் ஃபிரிஞ்ச் நாடக விழாவில் தொடங்கி, 2012இல் சோல்பெப்பர் அரங்குக்கு வந்து, பின்னர் தொலைக்காட்சித் தொடராக உலகெங்கும் பரவியது. தொடரை மட்டும் பார்த்தவர்கள் நாடகப் பிரதியைக் கட்டாயம் வாசிக்க வேண்டும், ஏனெனில் தொடரில் நகைச்சுவை நீண்டுகொண்டே போகிறது, நாடகமோ ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்து நெஞ்சில் தங்கிவிடுகிறது. ரீஜென்ட் பார்க் பகுதியில் தெருமுனைக் கடை நடத்தும் அப்பா, அம்மா, முப்பது வயது மகள் ஜேனட், பதினாறு வயதில் வீட்டைவிட்டுப் போன மகன் ஜங், இவர்களுடன் வாடிக்கையாளர்கள் உட்பட நான்கு வேடங்களில் வரும் ஒரே நடிகர், ஆக மொத்தம் ஐந்து பேர். கொரிய மொழியிலும் தந்தையை 'அப்பா' என்றே அழைப்பார்கள். தமிழ் வாசகருக்கு அந்தச் சொல் முதல் பக்கத்திலேயே கதவைத் திறந்துவிடும்.

இந்த அப்பா ஊரில் ஆசிரியராக இருந்தவர். கனடாவில் அவருடைய ஆங்கிலம் அந்த வேலைக்குப் போதாது என்பதால் கடை வைத்தார். கடைக்கு வரும் யார் திருடுவார், யார் திருடமாட்டார் என்று மகளுக்கு அவர் பாடம் நடத்தும் காட்சியில் அரங்கமே சிரிக்கும். கடைக்கு வெளியே விதிமீறி நிறுத்தப்பட்டிருக்கும் ஜப்பானிய வண்டியைப் பற்றிக் காவல்துறைக்குச் சொல் என்று மகளை நச்சரித்து, ஜப்பான் கொரியாவுக்குச் செய்த கொடுமைகளை ஆண்டு வாரியாக எடுத்துச் சொல்வார். அதற்கும் சிரிப்பு எழும். ஆனால் சிரித்து முடித்த பிறகு ஒரு விஷயம் உறைக்கும். ஒரு நல்ல ஆசிரியர் தமக்கு மிஞ்சியிருக்கும் ஒரே மாணவியிடம், தமக்குக் கைவராத மொழியில் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதே அது. நாடகத்தின் கடைசிப் பகுதியில் மகன் திரும்பி வந்து நிற்கும்போது, தம் வாழ்க்கையின் கதை இந்தக் கடைதானா என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்கிறார். இல்லை, தம் கதை பிள்ளைகள்தாம் என்கிறார். அதை அவர் நாலைந்து எளிய சொற்களில் சொல்கிறார், ஏனெனில் அவரிடம் அவ்வளவுதான் இருக்கிறது. நல்ல ஆங்கிலம் பேசும் ஒரு தந்தை இதையே சொல்லியிருந்தால் கேட்பவர்களுக்கு இவ்வளவு கனத்திருக்காது.

இந்த நாடகத்தின் தொடக்கக் காட்சிகளை எங்கள் சிறிய வாசிப்புக் குழுவுக்காக ஒருமுறை தமிழில் மாற்றிப் பார்த்தேன். முதல் முயற்சி படுதோல்வி. அப்பாவின் உடைந்த ஆங்கிலத்தை உடைந்த தமிழாக எழுதினேன். வேற்றுமை உருபுகளைப் பிடுங்கினேன், வினைமுற்றுகளைச் சிதைத்தேன். வாசிக்கத் தொடங்கியதும் எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் அது கிம் அப்பாவுக்கான சிரிப்பு அல்ல. பழைய தமிழ்ப் படங்களில் "நம்பள்கி, நிம்பள்கி" என்று பேசவைத்து நாம் காலங்காலமாகக் கேலி செய்த சேட்டுக்கான சிரிப்பு அது. நம் ஊரில் குடியேறி, நம் மொழியைக் கற்றுக்கொண்டு பிழைத்த ஒரு சமூகத்தை நம் மேடையும் திரையும் எப்படிக் காட்டின என்பதை அன்றுதான் உறுத்தலுடன் உணர்ந்தேன். இரண்டாம் முறை இலக்கணத்தைத் தொடவில்லை. சொற்களைக் குறைத்தேன். ஒவ்வொரு வாக்கியமும் மூன்று அல்லது நான்கு சொற்களுக்கு மேல் போகாமல், எச்சங்களும் இணைப்புச் சொற்களும் இல்லாமல், ஒன்றையொன்று தொடாத கற்களைப் போல வைத்தேன். இந்த முறை சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள், கடைசியில் அமைதியாக இருந்தார்கள். பிழையை அல்ல, பற்றாக்குறையைத்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்பது எனக்கு அன்று கிடைத்த பாடம்.

இந்த முடிச்சை நான் அறிந்தவரையில் மிக அழகாக அவிழ்த்தவர் ஈரானிய அமெரிக்க நாடகாசிரியர் சனாஸ் தூசி. அவருடைய 'இங்கிலிஷ்' 2022இல் நியூயார்க்கின் அட்லாண்டிக் அரங்கில் அரங்கேறியது, 2023இல் புலிட்சர் பரிசு பெற்றது, 2025இல் பிராட்வேக்குப் போனது. அதில் யாரும் இன்னும் புறப்படவில்லை. ஈரானின் கராஜ் நகரில், 2008இல், வெளிநாடு செல்ல விரும்புவோர் எழுதும் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குக் கற்பிக்கும் ஒரு வகுப்பறை. ஆசிரியை மர்ஜான், நான்கு மாணவர்கள். வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்பது விதி.

தூசி செய்திருக்கும் ஏற்பாடு இதுதான்: பாத்திரங்கள் ஆங்கிலம் பேசும்போது தட்டுத்தடுமாறி, அழுத்தமான உச்சரிப்புடன் பேசுவார்கள். பாரசீகம் பேசுவதாகக் கொள்ள வேண்டிய இடங்களில் நடிகர்கள் தங்குதடையற்ற, இயல்பான அமெரிக்க ஆங்கிலத்தில் பேசுவார்கள். இரண்டுமே ஆங்கிலம்தான், ஆனால் ஐந்து நிமிடத்துக்குள் பார்வையாளரின் காது பழகிவிடும். எல்ஹாம் என்ற மாணவி டோஃபலில் ஐந்து முறை தோற்றவள், ஆஸ்திரேலியாவில் மருத்துவம் படிக்கக் காத்திருப்பவள். அவள் ஆங்கிலத்தில் முரட்டுத்தனமாக, கொஞ்சம் மந்தமாகக்கூடத் தெரிகிறாள். அடுத்த கணம் பாரசீகத்துக்கு மாறியதும் கூர்மையும் வேகமும் நகைச்சுவையும் கொண்ட ஒரு பெண் அந்த உடலிலிருந்தே வெளிப்படுகிறாள். இத்தனை நேரம் அவள் எங்கே இருந்தாள் என்று அரங்கில் இருப்பவர் திடுக்கிடுவார். வெளிநாட்டு அலுவலகத்தில் மேலாளரிடம் பேசிவிட்டு வந்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும் எவருக்கும் அந்த மாற்றம் தெரியும். தெரியாத ஒருவருக்கு அதை ஒரே நொடியில் உணர்த்தும் வழியை இவர் கண்டுபிடித்திருக்கிறார்.

அந்த வகுப்பில் ரோயா என்ற பாட்டியும் இருக்கிறார். மகன் கனடாவில் வாழ்கிறான். பேத்தியிடம் ஆங்கிலத்தில் பேச முடிந்தால்தான் அங்கே வரலாம் என்பது அவன் விருப்பம். பேத்தியின் பெயர் கிளேர். அந்தப் பெயரை ரோயாவின் நாக்கு எளிதில் உச்சரிப்பதில்லை. ஒரு காட்சியில் மகன் தொலைபேசியில் விட்டுச்சென்ற இரண்டு குரல்பதிவுகளை, பாரசீகத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, அவர் வகுப்பில் ஒலிக்கவிட்டுக் காட்டுகிறார். ஒரே மகன், இரண்டு குரல். பிறகு ஒரு நாள் ரோயா வகுப்புக்கு வருவதே நின்றுவிடுகிறது. இந்தக் குடும்பத்தில் மேடையில் இருப்பது அந்தப் பாட்டி ஒருவர் மட்டுமே. மகனும் பேத்தியும் நாடகம் முழுவதிலும் தோன்றுவதில்லை. ஆனாலும் குடியேறிய குடும்பத்தைப் பற்றி நான் படித்த நாடகங்களில் இதைவிட நெருக்கமான ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை. கடைசிக் காட்சியில் பேச்சு உண்மையான பாரசீகத்துக்கு மாறிவிடுகிறது. மொழிபெயர்ப்பு கிடையாது. அதுவரை எல்லாம் புரிந்துகொண்டிருந்த ஆங்கிலப் பார்வையாளர், வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் போல அமர்ந்திருப்பார்.

இதற்கு நேர் எதிரான வழியில் போன நாடகம் நமக்கு மிக அருகில் இருக்கிறது. ச. சக்திதரன் எழுதி, ஈமன் ஃபிளாக் இணைந்து எழுதி இயக்கிய 'கவுண்ட்டிங் அண்ட் கிராக்கிங்' 2019 ஜனவரியில் சிட்னி நகர மண்டபத்தில் அரங்கேறியது. மூன்றரை மணி நேரம், 16 நடிகர்கள், ஏறத்தாழ 50 பாத்திரங்கள், 1956 முதல் 2004 வரை நீளும் ஓர் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தின் நான்கு தலைமுறைகள். நாடகம் 2004இல் சிட்னியில் தொடங்குகிறது. ராதா தம் தாயின் அஸ்தியைக் கரைக்க, அங்கேயே வளர்ந்த மகன் சித்தார்த்தனுடன் ஜார்ஜஸ் ஆற்றங்கரையில் நிற்கிறார். செய்ய வேண்டிய சடங்கு எதுவும் மகனுக்குத் தெரியாது. 1983 கலவரத்தில் இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட கணவர் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி கொழும்பிலிருந்து தொலைபேசியில் வந்த பிறகு கதை பின்னோக்கித் திரும்புகிறது.

இந்த நாடகத்தில் பாத்திரங்கள் தமிழில் பேச வேண்டிய இடத்தில் தமிழிலேயே பேசுகிறார்கள், சிங்களத்தில் பேச வேண்டிய இடத்தில் சிங்களத்திலேயே பேசுகிறார்கள். மேடையின் ஓரத்தில் நிற்கும் இன்னொரு நடிகர் அதை உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொல்கிறார். திரையில் எழுத்து ஓடவிட்டிருக்கலாம், அது எளிது. ஆனால் எழுத்தைப் படிக்கும் கண் நடிகரின் முகத்தைத் தவறவிடும். இங்கே ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்காகப் பேசுவதைப் பார்க்கிறோம். புதிய நாட்டுக்கு வந்த எந்தக் குடும்பமும் மருத்துவமனையிலும் வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் வாழ்கிறது. தாய்க்குப் பதிலாகப் பத்து வயதுப் பிள்ளை மருத்துவரிடம் பேசும் காட்சியை நம்மில் எத்தனையோ பேர் வாழ்ந்திருக்கிறோம். அந்த அன்றாட வேலையையே நாடகத்தின் வடிவமாக்கியது பெரிய சாதனை என்பது என் உறுதியான கருத்து.

மொழி இந்த நாடகத்தில் உத்தியாக மட்டும் நின்றுவிடவில்லை, கதையின் காரணமும் அதுதான். 1956இல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டமானபோது இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா, இரு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரு நாடு என்று எச்சரித்தார். ராதாவின் தாத்தா அரசியலில் இருப்பவர். அந்தப் பாத்திரத்துக்கு முன்மாதிரி சக்திதரனின் கொள்ளுத்தாத்தாவும் கணிதப் பேராசிரியரும் அமைச்சருமாக இருந்த செ. சுந்தரலிங்கம். ஒரு மொழிச் சட்டத்தில் தொடங்கி, கலவரத்தின் வழியே வந்து, தாய்மொழி சரளமாக வராத ஒரு மகன் சிட்னி ஆற்றங்கரையில் விழித்து நிற்பதில் இந்த நாடகம் முன்னும் பின்னுமாகத் தன் வட்டத்தைப் போட்டு முடிக்கிறது. சக்திதரனின் தாயார், நடனக் கலைஞர் ஆனந்தவல்லி, ஊரைப் பற்றிப் பல ஆண்டுகள் மகனிடம் பேச மறுத்தவர். மகன் தானாகத் தேடி விசாரித்து எழுதத் தொடங்கிய பிறகே அவர் வாய் திறந்தார், பின்னர் நாடகத்தின் உருவாக்கத்திலும் பங்கேற்றார். ஷோபாசக்தி என்ற பெயரில் எழுதும் அந்தோனிதாசன் யேசுதாசனும் காளீஸ்வரி சீனிவாசனும் இதில் நடித்தார்கள். 2020இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா இலக்கியப் பரிசு இந்த நாடகத்துக்குக் கிடைத்தது. எடின்பரோ விழாவுக்கும் நியூயார்க்குக்கும் போய் வந்திருக்கிறது.

தமிழிலேயே எழுதப்பட்டு, தமிழர்கள் மட்டுமே பார்க்க, புலம்பெயர் நாடுகளில் நடக்கும் நாடகங்கள் தனி உலகம். இலங்கையில் 1978இல் தொடங்கி, பின்னர் லண்டனில் தொடர்ந்து இயங்கிவரும் க. பாலேந்திராவின் தமிழ் அவைக்காற்று கலைக் கழகத்தை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸின் 'தி கிளாஸ் மெனாஜெரி' நாடகத்தை 'கண்ணாடி வார்ப்புகள்' என்று தமிழில் மேடையேற்றியவர்கள் அவர்கள். கோர்டினின் லியரைப் பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்தும்: அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் கதையை லண்டன் குளிரில் கோட்டு போட்டு வந்து தமிழில் பார்க்கிறவர் அதில் எந்த வீட்டைக் காண்பார் என்பதை எழுதியவர் தீர்மானிக்க முடியாது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. 'கவுண்ட்டிங் அண்ட் கிராக்கிங்' கூடி வாசிக்கச் சிரமமானது. பாத்திரங்கள் அதிகம், காலமும் முன்னும் பின்னும் ஓடுகிறது. முதலில் ஒவ்வொருவரும் தனியே படித்துவிட்டு வருவது நல்லது. 'எ வியூ ஃப்ரம் தி பிரிட்ஜ்' அகப்படுவது எளிது, ஆனால் அதை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வையுங்கள். முதல் கூட்டத்துக்கு 'இங்கிலிஷ்' அல்லது 'கிம்ஸ் கன்வீனியன்ஸ்' சரியாக இருக்கும், இரண்டுக்கும் ஐந்து பேர் போதும். வீட்டுக்குள் வாசிப்பது வேறு, பொது மண்டபத்தில் ஆட்களை அழைத்து நிகழ்த்துவது வேறு. இரண்டாவதற்கு, கட்டணம் வாங்காவிட்டாலும் பல நாடுகளில் உரிமை பெற வேண்டும். பிரதியின் முதல் பக்கங்களில் யாருக்கு எழுதிக் கேட்பது என்று அச்சிட்டிருப்பார்கள்.

என்னைக் கேட்டால் 'இங்கிலிஷ்' நாடகத்தை எடுங்கள். ரோயாவின் வரிகளை உங்களில் ஆங்கிலம் மிகச் சரளமாகப் பேசுகிறவரிடம் கொடுக்காதீர்கள். பேரப்பிள்ளைகளிடம் தொலைபேசியில் பேசுவதற்கு முன் மனத்துக்குள் வாக்கியத்தை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருவர் உங்கள் வட்டத்தில் இருப்பார். அவரை அழைத்து வந்து உட்காரவைத்து, அவசரப்படுத்தாமல், அந்தக் குரல்பதிவுக் காட்சியை வாசிக்கச் சொல்லுங்கள்.